மூலைக்கு இரண்டு கணக்கு

எங்கள் தெருவுக்குக் குடிநீர் லாரி மாதம் ஒரு முறை வரும். தொட்டியின் கொள்ளளவு என்று அலுவலகம் எவ்வளவு எழுதிக் கொடுக்கிறதோ, அவ்வளவு ஊற்றப்படும். சான்றிதழ் இல்லாதவர்களுக்கு ஆறுதல் வார்த்தை வழங்கப்படும்.

தையல்காரம்மா வீட்டில் மாடிப்படி குறுக்கே வந்ததால், கொத்தனார் புதுத் தொட்டியை அதைச் சுற்றி எல் வடிவத்தில் கட்டிவிட்டார். மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். வீட்டில் ஒரு குடம் தண்ணீர் இல்லை. அளவு அதிகாரி டேப் பிடிக்கும் உதவியாளரோடு வந்தார்.

“என்னம்மா, தொட்டி மடங்கி நிக்குது? நீளம், அகலம், உயரம்னு மூணுதானே விதியில இருக்கு!”

“ரெண்டு பெட்டியா வச்சுக் கூட்டிடலாம் சார்,” என்றார் உதவியாளர்.

“நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.”

அகலமும் உயரமும் எங்கும் ஒரு மீட்டர். நீளப் பெட்டி மூன்று மீட்டர். குட்டைப் பெட்டி, மூலையையும் சேர்த்து இரண்டு மீட்டர்.

“மூலை ரெண்டுலயும் வருது சார். ஒரு தடவை கழிக்கணும்.”

“எதுல கழிப்பே?”

“எதுல வேணாலும்.”

“அப்படின்னு ஃபைல்ல எழுத முடியுமாய்யா? அதுல கழிச்சா ஏன் அதுலன்னு கேப்பாங்க. இதுல கழிச்சா ஏன் இதுலன்னு கேப்பாங்க. கழிக்காம விட்டா எவனும் கேக்க மாட்டான்.”

இவ்வாறு நிர்வாக நடுநிலை காக்கப்பட்டு, நாலு கன மீட்டர் தொட்டிக்கு ஐந்து என்று சான்றிதழ் வழங்கப்பட்டது.

லாரி வந்தது. நாலிலேயே தொட்டி நிரம்பி வழிந்தது. “அஞ்சும் ஊத்தாம போனா என் வேலை போயிடும்மா,” என்றார் டிரைவர். தையல்காரம்மா வாளியிலும் அண்டாவிலும் பிடித்தது போக, மீதி தெருவில் ஓடியது. அவருக்கு மட்டும் ஐந்தா என்று, பார்த்த எங்களுக்கு வயிறு எரிந்தது.

அதன்பின் கொத்தனாருக்குச் சாப்பிட நேரமில்லை. நேரான தொட்டி வைத்திருப்பது மானக்கேடாயிற்று. வாழ்நாள் முழுக்கக் கழித்தல் சொல்லிக் கொடுத்த கணக்கு வாத்தியார், கூட்டல் குறி வடிவத்தில் கட்டினார். வீடு வாடகைக்குப் பார்க்க வருகிறவர்கள், “தொட்டிக்கு எத்தனை மூலை?” என்றுதான் முதலில் கேட்டார்கள்.

ஒரு மாதம் லாரி வரவில்லை. தெருவே திரண்டு அலுவலகம் போனோம்.

“ஏன் வரணும்?” என்றார் அதிகாரி. “வீட்டுக்கு மாசம் நாலு போதும். உங்களுக்கு அஞ்சும் ஆறும் குடுத்திருக்கோம். மிச்சம் தொட்டியிலதானே இருக்கும்?”

“வழிஞ்சு போச்சு சார்!”

“எப்படி வழியும்? கொள்ளும்னு சான்றிதழ் இருக்கே!”

“மூலை ஒண்ணுதான் சார்,” என்றார் தையல்காரம்மா.

அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். “இதையே எல்லாரும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாளைக்கே லாரி வரும். ஆனா இனிமே நிஜமா உள்ள அளவுதான் ஊத்துவோம்.”

தையல்காரம்மா பேனாவை எடுத்தார். “புள்ள அழுவுதுய்யா. நான் போடறேன்.”

வாத்தியார் பேனாவை மெல்லப் பிடுங்கிக்கொண்டார். “அவசரப்படாதீங்கம்மா. மூலை ரெண்டுதான் சார்.” நாங்கள் அனைவரும் ஒருமனதாகத் தலையாட்டினோம்.

இப்போது அந்தக் குழந்தையின் அழுகை எங்கள் எல்லார் வீட்டிலும் கேட்கிறது. ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம். தொட்டியில் இன்னும் ஒரு மூலை சேர்க்க வாத்தியார் நேற்று கொத்தனாரைக் கூப்பிட்டார். சிமென்ட் குழைக்கத் தண்ணீர் இல்லை என்று அவர் திரும்பிப் போய்விட்டார்.