நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துத் தவறணை

லிந்துலை,
ஞாயிறு, பூசை முடிந்து.

பெருமதிப்பிற்குரிய சவிரிமுத்து மாஸ்டர் அவர்களுக்கு,

சம்பந்தி என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். கோயிலில் கலியாண அறிவிப்பு ஓலை வாசிப்பதை நிறுத்தும்படி உங்கள் பங்குச் சுவாமியிடம் நீங்கள் சொல்லிவிட்டதாக, உங்கள் மகள் டெல்சி அழுதுகொண்டே போன் எடுத்ததால், மாஸ்டர் என்றே நிறுத்திக்கொள்கிறேன். இங்கே நானும் மனைவி பெற்றீசியாவும் மாதாவின் தயவில் சுகம். மழையும் சுகமாகத்தான் பெய்கிறது. இளவாலையில் தாங்களும் குடும்பமும் நலமாயிருக்க மன்றாடுகிறோம்.

மாஸ்டர், பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள், கோயிலில் விசாரிப்பார்கள். மாப்பிள்ளை எழுதிய நாவலை வாசித்து விசாரித்தவர் நீங்கள் ஒருவர்தான். என் மகன் மிலான் எழுதிய ‘மூடுபனிக்கு ஓர் அடிக்குறிப்பு’ பதினேழாம் அத்தியாயத்தில் தொடங்கி முதலாம் அத்தியாயத்தில் முடிகிறது. ஒரு வசனம் பதினொரு பக்கம் ஓடுகிறது, முற்றுப்புள்ளியைக் காணோம். நான் மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் தூங்கிப்போனவன். நீங்கள் முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவர் அல்லவா, சிவப்புப் பேனாவோடு கடைசிவரை வாசித்து எனக்குப் பன்னிரண்டு கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். நான் சோதனை எழுதி நாற்பது வருடத்துக்கு மேலாகிறது.

எழுதியவனிடமே கேட்டுவிடுவோம் என்று கொழும்புக்குப் போன் போட்டேன். "அப்பா, புத்தகம் வெளியான அன்னைக்கே எழுதுனவன் செத்துட்டான். இனிமே அர்த்தம் வாசிக்கிறவங்க பாடு" என்றான். இப்போதைய இலக்கியக்காரர்களுக்கு இது ஒரு கொள்கையாம். எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் போனைச் சத்தமாகப் போட்டிருந்தேன். அடுப்படியில் நின்ற பெற்றீசியாவுக்குச் "செத்துட்டான்" மட்டும்தான் கேட்டது. அவள் போட்ட கூச்சலில் லயமே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு வீரய்யா, வருகிறவர்கள் உட்கார வாங்கு இரவல் கேட்க ஓடினார், அவர் மனைவி வேலாயி எல்லாருக்கும் கோப்பி ஊற்ற ஆரம்பித்துவிட்டாள். போனுக்குள்ளிருந்து "அம்மா, நான் உசுரோடதாம்மா இருக்கேன்" என்று அவன் கத்த, "நீ பேசாத! செத்துட்டேன்னு நீதானே சொன்ன" என்று இவள் கத்த, வந்தவர்கள் எல்லாரும் கோப்பியைக் குடித்துவிட்டு, யார்தான் செத்தது என்று தெரியாமலே கலைந்து போனார்கள்.

ஆகையால் நானே விளக்குகிறேன். "லயத்தில் பிறந்து லயத்தில் கரைந்தான்" என்ற இடத்தில் மாப்பிள்ளைக்குச் சங்கீதம் தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். தெரியாது. லயம் என்பது நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடு, கரைந்தது கூரை ஒழுகியதால். "மழை வந்தால் அவன் அரைப்பேர்" என்பதை வாசித்துவிட்டு, ஞானஸ்நானப் பத்திரத்தில் பாதிப் பெயர்தான் உண்டா, விவாகப் பதிவில் சிக்கல் வருமா என்று பயந்திருக்கிறீர்கள். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. மழையால் பாதியில் வேலை நின்றால் அரைப்பேர். பையனுக்கு முழுப் பெயரும் பத்திரமாக இருக்கிறது, மிலான் ஜோசப். என்னைக் கணக்கப்பிள்ளை என்று அவன் எழுதியதைப் பார்த்து எந்தக் கந்தோரில் வேலை என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். நான் கணக்கு எழுதியவன் இல்லை மாஸ்டர், தேயிலை மலையில் ஆள் மேய்த்தவன்.

இனி நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். "பொழுது விடிந்தால் ராக்காயி தவறணையில், பொழுது சாய்ந்தால் ராக்காயி தவறணையில்." அதற்கு அடியில் குறிப்பு: "ராக்காயி நூலாசிரியனின் தாய். அல்லது இல்லை." இதை வைத்துக்கொண்டு, "மாப்பிள்ளையின் தாயார் குடிப்பவரா? மறைக்காமல் எழுதவும்" என்று கேட்டுவிட்டீர்களே! நேற்று அந்தக் கேள்வியைப் பெற்றீசியாவுக்கு வாசித்துக் காட்டினேன். அதிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் மேல் உள்ள கோபத்தை என் மேல் காட்டுகிறாள். மாஸ்டர், உங்கள் ஊரில் தவறணை என்றால் கள் ஊற்றுகிற இடம். எங்கள் ஊரில் அது தேயிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாற்று மேடை. பத்தொன்பது வருடம் அங்கே கன்று வளர்த்தவள் அவள், கள்ளின் வாசனை கூட அறியாதவள். எங்கள் குடும்பத்துப் பக்கமே அந்த வாடை வந்ததில்லை, மாதா மேல் ஆணை. ஒரே சொல்லுக்கு இரண்டு ஊரில் இரண்டு அர்த்தம் இருந்தால் அதற்கு இந்த இரண்டு பிள்ளைகளும் என்ன செய்வார்கள்? மனசு கேட்கவில்லை, மாஸ்டர். அடுத்த ஞாயிறாவது ஓலையை வாசிக்கச் சொல்லுங்கள்.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் வணக்கம். டெல்சிக்கு ஆசீர்வாதம், அழ வேண்டாம் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
சம்பந்தி ஆவதற்குக் காத்திருக்கும்
செ. அமிர்தநாதன்

பி.கு.: எழுத்துப் பிழை பார்க்கப் பெற்றீசியாவிடம் கொடுத்தேன். முழுவதையும் வாசித்துவிட்டு நேற்றிலிருந்து முதல் தடவையாக வாய் திறந்தாள். "அந்த ஒரு வரியில தவறணை ரெண்டு தடவ வருதே, ஏன்னு யோசிச்சீங்களா? கன்னுக்குத் தண்ணி ஊத்துற வேல நாலு மணியோட முடிஞ்சிரும். பொழுது சாஞ்ச பொறகு நான் எதுக்குங்க அங்க போனேன்?"

எதற்கு என்று எனக்குத் தெரியும், மாஸ்டர். நாற்று மேடைக்குப் பின்னால் உரக் கொட்டகையில் கசிப்புச் சாராயம் விற்றார்கள். நான் அங்கே விழுந்து கிடப்பேன். என்னைத் தூக்கிக்கொண்டு வரத்தான் அவள் தினமும் போனாள். பையன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். ஆக, அந்த வரியில் முதலாவது தவறணை எங்கள் ஊருடையது, இரண்டாவது உங்கள் ஊருடையது. மாதா மேல் போட்ட ஆணைக்கு நாளைக்கே பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும்.

வெட்கத்தில் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "கிழிக்காதீங்க. அந்தப் புத்தகத்தையே முழுசா வாசிச்ச மனுசன், இதையும் முழுசா வாசிக்கட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் தாயார் குடிப்பவரா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. தகப்பனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அவர் நிறுத்தி ஒன்பது வருடமாகிறது.