முனீஸ்வரன் சேவலும் பகல் கீரியும்

என் உயிருக்காக நேர்ந்துவிட்ட சேவலை நானே தின்பது என்று முடிவெடுத்தேன். ஆண்பிள்ளை எடுத்த முடிவு. மாற்றமில்லை.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு நான் பிழைப்பேனா மாட்டேனா என்று கிடந்தபோது, என் மனைவி பூங்காவனம் கரும்புக்காட்டு முனீஸ்வரனுக்குச் சேவல் நேர்ந்துகொண்டாள். காலில் மஞ்சள் துணி கட்டி ஆறு மாதம் வளர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வெட்டு. வெட்டினால் தெருவே வந்து இலை போட்டு உட்காரும். காய்ச்சல் எனக்கு, கறி ஊருக்கா?

ஆகவே வியாழன் இரவே சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய், வேலிக்கு அப்பால் என் நண்பன் ஜான்-க்ளோட் வீட்டுக் கூடைக்கடியில் அடைத்தேன். சனிக்கிழமை மத்தியானம் இருவரும் சமைத்துத் தின்பதாக ஏற்பாடு. முனீஸ்வரனுக்கு அடுத்த மாதம் வேறு சேவல். சாமி பொறுத்துக்கொள்வார். பூங்காவனம்தான் பொறுக்கமாட்டாள்.

மறுநாள் காலை முந்திக்கொண்டேன். “ராத்திரி கீரி வந்து சேவலைத் தூக்கிட்டுப் போயிடுச்சு.”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். “கீரியா?”

“ஆமா. இம்மாம் பெரிசு. கண்ணால பார்த்தேன்.”

“சேவல் மாங்கிளையிலதானே தூங்கும்?”

“ஏறிடுச்சு.”

“மரத்துலயா?”

“சரசரன்னு.”

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அப்பால் ‘கொக்கரக்கோ!’ பலமாக இருமினேன்.

“அது யாரு சேவலுங்க?”

“ஜான்-க்ளோட் புதுசா வாங்கியிருக்கான்.”

“குரல் நம்மது மாதிரியே இருக்கு.”

“சேவலுக்கெல்லாம் ஒரே பாஷைதானடி!”

என்னையே பார்த்தாள். அவள் கத்தினால் தாங்கிக்கொள்வேன். மெதுவாகப் பேசினால்தான் எனக்குப் பயம். மெதுவாகத்தான் பேசினாள்.

“நான் புல்லறுக்கிற இடத்துல, கல்லுக்குவியலுக்குள்ள ஒரு கீரி குடியிருக்கு. தினம் பார்க்கிறேன். வெயில் ஏறினாத்தான் வெளியே வரும். முட்டை கிடைச்சா திரும்பி நின்னு, காலிடுக்கு வழியா கல்லுமேல எறிஞ்சு உடைக்கும். பொழுது சாய்ஞ்சா பொந்துக்குள்ள போயிடும். எலி பிடிக்கத்தான் கீரியை இந்தத் தீவுக்குக் கப்பல்ல கொண்டுவந்தாங்களாம். எலிக்கு ராத்திரி வேலை, கீரிக்குப் பகல் வேலை. ரெண்டும் முகம் பார்த்துக்கிறதே அபூர்வம். உங்களுக்கு மட்டும் ராத்திரியில தரிசனம் கொடுத்திருக்கு.”

தொலைந்தேன் என்று நினைத்தேன். ஆனால் அவள் பெருமூச்சு விட்டாள்.

“சரி. சேவல் ருசி கண்ட கீரி சும்மா இருக்காது. பன்னெண்டு குஞ்சு இருக்கு. நாளைக்கு விடிஞ்சதுலேருந்து பொழுது சாயுற வரைக்கும் நீங்க காவல் இருங்க.”

சரி என்று தலையாட்டினேன். கீரியைக் கொண்டுவந்தவனே நான்தான்.

சனிக்கிழமை கையில் கழியோடு குஞ்சுகளுக்கு நடுவே நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பதினொரு மணிக்கு அசல் கீரியே புல்லை விலக்கிக்கொண்டு வந்துவிட்டது! பின்னங்காலில் எழுந்து நின்று என்னை எடைபோட்டது. கழியை ஓங்கினேன். மறைந்தது. திரும்பினால் இந்தப் பக்கம் மூக்கை நீட்டியது. பெட்டைக்கோழி அலறியது. நானும் கூடவே அலறினேன். இப்படியே ஒரு மணி நேரம்.

அப்போதுதான் வேலிக்கு அப்பாலிருந்து மசாலா வாசம் வந்தது. என்னை விட்டுவிட்டு ஆரம்பித்துவிட்டானா, துரோகி? நகர்ந்தால் குஞ்சு போச்சு. நகராவிட்டால் கறி போச்சு. நாக்கு ஜெயித்தது. கழியைப் போட்டுவிட்டு வேலிக்குள் புகுந்து ஓடினேன்.

அங்கே தெருவே இலை போட்டு உட்கார்ந்திருந்தது. ஜான்-க்ளோட் மனைவி ஜிசெல் சோறு போட, நெற்றி நிறையத் திருநீற்றோடு கறி வாளியும் கையுமாக நின்றாள் பூங்காவனம்.

“பார்தோன், மன்னிச்சுக்க ஐயா,” என்று என் காதில் முனகினான் ஜான்-க்ளோட். “உன் பொஞ்சாதி ஒரு பார்வைதான் பார்த்தா. கூடையை நானே தூக்கிக் காட்டிட்டேன். இன்னிக்கே பூசாரியைக் கூப்பிட்டு முனீஸ்வரனுக்கு வெட்டிட்டா.”

நடந்தது நடந்துவிட்டது, வயிற்றையாவது பார்ப்போம் என்று கடைசி இலையில் உட்கார்ந்தேன். வாளி வந்தது. என்னைத் தாண்டிப் போனது.

“பூங்காவனம், எனக்கு?”

“கீரி தின்ன சேவல்ல உங்களுக்கு ஏதுங்க பங்கு? போங்க, குஞ்சுங்க தனியா இருக்கு.”