இலைலிங்கமும் கமலநாயகியின் தேர்மினும்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கற்பூரம் கொளுத்தி, தலையில் கைவைத்துச் சத்தியம். தலை யாருடையது என்று மட்டும் கேட்கக்கூடாது.

மாசி மாதம், சிவராத்திரிக் கிழமை. யேர்மனியின் வுப்பர்டால் நகரத்துக் காட்டோரத்தில் ஒரு மரத்தின் இலைகளில் சிவலிங்கம் முளைத்துவிட்டது. யேர்மன்காரர் ‘பூஹ’ என்று சொல்லும் சாதாரணக் காட்டுமரம். பளபளக்கும் பச்சை இலை. அதன் மேல்பக்கத்தில் கூர்நுனியோடு, சிவந்து, உளுந்தைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு லிங்கம். டோர்ட்மண்டிலிருந்தெல்லாம் பஸ் பிடித்துச் சனம் வந்தது. தடித்த குளிர் அங்கி, கையுறை, கம்பளித் தொப்பி. தொப்பிக்குக் கீழே திருநீறு.

கண்டுபிடித்தவர் இலைலிங்கச் சித்தர். போன வருஷம்வரை சாமத்தியவீடு, கலியாணவீடு என்று வீடியோ எடுத்த உருத்திரமூர்த்திதான். கமெராவை வைத்துவிட்டுக் கமண்டலத்தை எடுத்தார். உண்டியலில் வங்கி அட்டைக்கும் வசதி. தரிசனத்துக்குத் தேர்மின் எடுக்கவேண்டும். முன்கூட்டியே நேரம் குறிக்காமல் அந்த நாட்டில் எமனே வருவதில்லை.

அந்தத் தேர்மின்தான் கமலநாயகிக்கு வில்லங்கமாயிற்று. அவர் கழுத்தில் ஒரு கட்டி. நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று ஊசியால் குத்திப் பார்க்க, மாதக்கணக்காகக் காத்திருந்து மருத்துவமனையில் கிடைத்த தேர்மின் சிவராத்திரியன்று காலை. சித்தர் கொடுத்ததும் அதே காலை. லிங்கத்தை விழுங்கினால் கட்டி கரையும், ஊசி பட்டால் லிங்கம் வேலை செய்யாது என்று சித்தர் சொல்லிவிட்டார். லிங்கத்தை வெறும்வயிற்றில் பாலோடு முழுசாக விழுங்கவேண்டும், பல் படக்கூடாது. அதற்கு ஆகமத்தில் காரணம் இருக்கிறதாம்.

கமலநாயகி சித்தரைத் தேர்ந்தெடுத்தார். காரில் கூட்டிவந்தவள் அவரோடு வேலை செய்யும் பேர்பெச்சுவா, ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகும் வேதக்காரி.

கமலநாயகி சுத்த சைவம். தயிர்க் கோப்பையில் ஜெலட்டின் கலந்திருக்கிறதா என்று கண்ணாடி போட்டு வாசித்த பிறகுதான் கூடையில் வைப்பார். கடையில் அவருக்குப் பின்னால் நின்ற யேர்மன்காரர்களுக்கு வயது போனதுண்டு.

லிங்கம் இலையோடு கைக்கு வந்தது. பேர்பெச்சுவா மெல்லக் கேட்டாள்.

“அக்கா, தயிருக்குள்ள என்ன கிடக்கெண்டு பாக்கிறனீங்கள். இதுக்குள்ள என்ன கிடக்கு?”

“லிங்கத்துக்குள்ள சிவன்தான். வேறை என்ன?”

“அப்ப சைவமோ எண்டு ஒருக்காப் பாத்திட்டு விழுங்குங்கோ. இண்டைக்கு விரதமெல்லே.”

அது சரியான இடத்தில் பட்டது. கமலநாயகி நகத்தால் கீறினார். லிங்கம் பிளந்தது. உள்ளே ஒரு வெள்ளைப் புழு, நித்திரை கலைந்த கோபத்தில் நெளிந்தது.

விஷயம் இவ்வளவுதான். நெல்லில் ஆனைக்கொம்பன் நோயை உண்டாக்கும் ஈயின் சொந்தக்காரி ஒருத்தி, கொசுவைப் போலச் சின்னவள், பூஹ மொட்டில் முட்டை இடுவாள். புழு இலையில் உட்கார்ந்து உறிஞ்ச, மரமே சுற்றிவர வீடு கட்டிச் சாப்பாடும் போடும். வாடகை கிடையாது. சித்தர்களும் ஏறக்குறைய அந்த இனம்தான்.

சித்தர் அசரவில்லை. இது சிவன் கழுத்தில் கிடக்கும் வாசுகி, கழுத்துக் கட்டிக்கு இதைவிட என்ன வேண்டும் என்றார். சனம் மறுபடி கையுறையோடு கைகூப்பியது.

கமலநாயகியும் கூப்பினார். பிறகு, முழுப் பக்தியோடு இலையை நீட்டினார்.

“அப்ப முதல்ல நீங்கள் ஒருக்கா விழுங்குங்கோ சாமி. பிறகு நாங்கள் பிரசாதமா எடுக்கிறம்.”

புழு சித்தரைப் பார்த்துத் தலை தூக்கியது. சித்தர் இரண்டடி பின்னால் போனார்.

“எனக்கு ஏலாது. நான் சைவம்.”

முதல்நாள் விழுங்கியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்து மரங்களுக்குப் பின்னால் ஓடினார்கள். சித்தரும் ஓடினார், தேர்மின் எடுக்காமலே.

கமலநாயகி காரில் ஏறிக் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

“ஆஸ்பத்திரிக்கு விடு பிள்ளை. உள்ளுக்குள்ள என்ன கிடக்கெண்டு பாக்காமல் இனி ஒண்டையும் நம்பேலாது.”

சத்தியம் பண்ணிச் சொல்லப்பட்டதையும் ஒருக்கால் நகத்தால் கீறிப் பார்ப்பது நல்லது. மாசி மாதத்தில் யேர்மனியின் எந்தப் பூஹ மரத்திலும் ஒரு பச்சை இலைகூட இருப்பதில்லை.