காப்பிப் பொடியும் கோபமும்: ஓர் ஆராய்ச்சி

என் மனைவியின் கோபத்துக்குக் காரணம் நான் இல்லை, காப்பிதான் என்று விஞ்ஞானபூர்வமாக நிரூபித்துவிடுவதென்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு முடிவு செய்தேன். நேரம் நன்றாக நினைவிருக்கிறது. பத்து மணியிலிருந்து பத்து பதினான்கு வரை திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

திட்டுக்குக் காரணம் என் சர்க்கரை. தினமும் நடக்க வேண்டும், மூன்று மாதத்தில் குறையாவிட்டால் தினம் ஒரு ஊசி என்று டாக்டரம்மா முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். ஊசி என்றால் எனக்கு உயிர் போய் உயிர் வரும். முப்பத்தெட்டு வருஷம் மருந்துக் கடை வைத்திருந்தேன். லட்சம் ஊசி விற்றிருப்பேன், அத்தனையும் கண்ணை மூடிக்கொண்டு. ஆனாலும் நடக்க மாட்டேன் என்றேன். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்கு எதற்குப் புறப்பட வேண்டும்? எமனே வந்து கூப்பிட்டாலும் வண்டி கொண்டுவந்தாயா என்றுதான் கேட்பேன்.

என் மனைவி லேசுப்பட்டவள் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், மனிதர்கள் மேல் என்ன சோதனை செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று முடிவு செய்யும் கமிட்டிக்குக் காரியதரிசியாக இருந்து ஓய்வு பெற்றவள். பேராசிரியர்கள் தூக்க முடியாமல் தூக்கிவந்த ஆராய்ச்சித் திட்டங்களை, “சம்மதக் கையெழுத்து எங்கே?” என்ற ஒரே கேள்வியில் திருப்பி அனுப்பியவள். எங்கள் கல்யாணப் பதிவேட்டைக்கூட இரண்டு முறை படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். நான் படிக்காமல் போட்டவன். வித்தியாசம் இன்றுவரை தெரிகிறது.

அவளிடம் சம்மதம் கேட்டால் நாற்பது பக்கப் படிவம் நீட்டுவாள். எனவே கேட்கவில்லை.

திட்டம் எளியது. இனி காப்பி போடுவது நான் என்று அறிவித்தேன். அவளுக்கு மட்டும் கஃபீன் நீக்கிய பொடி. அதை ஒரு டப்பாவில் போட்டு, ஸ்க்ரூடிரைவர் பெட்டிக்குப் பின்னால் ஒளித்தேன். அந்தப் பொடி விற்கும் ஒரே கடை, பாலத்தைத் தாண்டி மேட்டின் உச்சியில் இருந்தது. பஸ் உண்டு. ஆனால் பஸ் ஸ்டாப் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே. ரகசியத்தைக் காப்பாற்ற, பின்பக்கச் சந்து வழியாக நடந்தே போனேன். கடைக்காரர் ஓர் ஆளுக்கு ஒரு சின்னப் பொட்டலம்தான் தருவார். இவளோ, “இன்னொரு டம்ளர் கிடைக்குமாங்க?” என்று கேட்க ஆரம்பித்தாள். தினம் ஒரு பொட்டலம் காலியானது. தினம் மேடு ஏறினேன்.

பலனைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். காலண்டர் தாளின் பின்பக்கம் திட்டுகளைக் குறித்து வைத்தேன். முதல் நாள் முப்பத்தொன்று. பத்தாம் நாள் பன்னிரண்டு. ஒரு மாதத்தில் நாலு. ஒருநாள் ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டேன். “பரவால்லங்க” என்றாள். பயந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஜுரம் இல்லை. விஞ்ஞானம்.

அடுத்த மாதம் திட்டு அறவே நின்றது. வீடு, விடுமுறை நாளில் பூட்டிய கடை மாதிரி ஆகிவிட்டது. ஜெயித்தவனுக்கு இப்படி ஓர் அமைதியா என்று தோன்றியது.

மூன்று மாதம் முடிந்து டாக்டரம்மாவிடம் போனோம். ரத்தப் பரிசோதனைத் தாளை அவர் இரண்டு தடவை பார்த்தார். பெயர் என்னுடையதுதானா என்று மூன்றாம் தடவை பார்த்தார். ஊசி வேண்டாம் என்றார். அப்படி என்னதான் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, ஒன்றுமே செய்யவில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

என் மனைவி கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.

“தொண்ணூத்தோரு நாள், டாக்டர். அதுல எண்பத்தாறு நாள் நடந்திருக்கார். போக வர நாலு கிலோமீட்டர், பாதி மேடு. மழை பேஞ்ச அஞ்சு நாள் மட்டும் லீவு.”

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “எப்போ தெரிஞ்சுது?”

“ரெண்டாம் நாளே. ஸ்க்ரூடிரைவர் எடுக்கப் போனேன். டப்பா மேல உங்க கையெழுத்துல லேபிள். ‘மனைவிக்கு மட்டும். காலை ஒன்று, மாலை ஒன்று. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.’”

முப்பத்தெட்டு வருஷப் பழக்கம். லேபிள் ஒட்டாமல் ஒரு டப்பாவை மூட என் கை சம்மதிக்காது.

“அப்போ அந்தக் காப்பியெல்லாம்?”

“பூந்தொட்டி குடிச்சுது. நீங்க சந்து திரும்பினதும் எனக்கு நல்ல காப்பியா ஒண்ணு போட்டுக்குவேன்.”

அந்தச் செடி மூன்றே மாதத்தில் கூரையைத் தொட்டதன் மர்மம் விளங்கியது.

“என்னைக் கேக்காம என் மேல ஆராய்ச்சி பண்ணியிருக்கே” என்று பாய்ந்தேன்.

“நீங்க பண்ணது சோதனை. கேக்காம ஒருத்தருக்குப் பொடியை மாத்திக் கொடுத்தீங்க. நான் வெறுமனே பாத்தேன். சிகரெட் கெடுதலான்னு தெரிஞ்சுக்க, ஒருத்தனைக் கூப்பிட்டு இந்தா குடின்னு நீட்ட முடியாது. தானா குடிக்கிறவனைப் பாத்து எழுதிக்கலாம். நீங்க தானா நடந்தீங்க. நான் எழுதினேன்.”

“திட்டாம இருந்தது?”

இங்கே மட்டும் கொஞ்சம் தயங்கினாள். “திட்டினா பொடி வேலை செய்யலைன்னு நடக்கறதை விட்டுடுவீங்க. அதான். ஆனா அது தப்புதான். என்ன இருந்தாலும் உங்களைக் கேட்டிருக்கணும்.”

விடுவேனா? நடந்ததால்தான் சர்க்கரை குறைந்தது என்று எப்படிச் சொல்ல முடியும், திட்டு நின்றதால்கூடக் குறைந்திருக்கலாமே என்று மடக்கினேன்.

“இருக்கலாம். வெறுமனே பாக்கறதுல அதான் குறை” என்று உடனே ஒப்புக்கொண்டாள். “எதுன்னு கண்டுபிடிக்க ரெண்டே வழி. நடக்கறதை நிறுத்திப் பாக்கலாம். ஊசி வரும்னு தெரிஞ்சே உங்களை உக்கார வைக்க எந்தக் கமிட்டியும் ஒத்துக்காது. இன்னொண்ணு, நீங்க நடந்துட்டே இருங்க, நான் திட்ட ஆரம்பிக்கிறேன். உங்களுக்குச் சம்மதம்னா மட்டும்.”

ஒரு படிவத்தை நீட்டினாள். எப்போதோ தயாராக அடித்து வைத்திருக்கிறாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு காகிதத்தை முழுக்கப் படித்தேன். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றுகூட இருந்தது. பூட்டிய கடை நினைவுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

“கையெழுத்துக்குக் கீழ தேதி போடணும்னுகூடத் தெரியாதா உங்களுக்கு?”

காலண்டர் தாளில் ‘ஒன்று’ என்று குறித்துவிட்டு, செருப்பைத் தேடினேன்.