தண்ணீர்போல் ஓடிய சர்வர்

கோர்னா ரெக்கா நகராட்சியில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றையும் இனிமேல் புதிய தரவுத்தள சர்வரே கவனித்துக்கொள்ளும் என்று தலைநகரிலிருந்து ஆணை வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சர்வர் ஓடாவிட்டால் கணினிப் பொறுப்பாளர் பதவி ஒழிக்கப்படும் என்பது அதன் கடைசி வரி. அந்தப் பதவியில் இருந்தவர் வெலிஸ்லாவ். வயது ஐம்பத்தாறு. இனி யாரும் தன்னை வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவரே ஓர் அலுவலகம் நடத்தினாலும் தன்னை வைத்துக்கொள்ள மாட்டார்.

மென்பொருளை ஏற்றினார். பாதியில் நின்று, 'உங்கள் இயங்குதளம் பழையது' என்றது. வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு ஏற்றினார். பழையது என்றது. சகல அதிகாரமும் படைத்த பயனராக நுழைந்து ஏற்றினார். அப்போதும் பழையது. அது கணினியைத்தான் சொல்கிறதா என்று அவருக்கே ஐயம் வந்துவிட்டது.

நகராட்சிச் செயலர் சோன்கோவா எட்டிப் பார்த்தார்.

"என்னவாம் அதுக்கு?"

"சிஸ்டம் பழசாம் மேடம். புதுசு வாங்கணும்."

"எப்படி வாங்கறது? போன வருஷமே புதுசாக்கியாச்சுன்னு விழா நடத்திட்டோமே!"

"ஆனா புதுசாக்கலையே மேடம்."

"போட்டோவுக்கு நீங்களும்தானே நின்னீங்க?"

வெலிஸ்லாவ் தலைகுனிந்தார். நின்றிருந்தார், கேக்கும் தின்றிருந்தார்.

மறுநாள் காலை சோன்கோவாவின் ஆணை தயார்: 'மேற்படி இயங்குதளம் இன்று முதல் புதியதாகக் கருதப்படும்.' முத்திரை குத்தி, கணினியின் நெற்றியில் ஒட்டினார்கள்.

"மேடம், அதுக்கு இதைப் படிக்கத் தெரியாது."

"அதுக்குப் புரியற மாதிரி நீங்க சொல்லுங்க. பின்ன எதுக்கு உங்களை வெச்சிருக்கோம்?"

அபத்தம்தான். ஆனால் வழி இருந்தது. இயங்குதளம் புதியதுதான் என்று மென்பொருளை நம்பவைக்க ஒரு வசதி உண்டு. திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் குறி போட்டால் போதும். இத்தனை காலம் இந்த அலுவலகத்தில் தான் செய்துவந்ததும் வேறென்ன என்று நினைத்தபடியே குறி போட்டார். மென்பொருள் நம்பிவிட்டது. பச்சைக் கோடு நகரத் தொடங்கியது.

அப்போதுதான் பதிவறை எழுத்தர் தோச்கா ஒரு செப்புக் குவளையோடு வந்தார். பரீட்சைக்குப் போகிறவர், புது வேலைக்குக் கிளம்புகிறவர் யாரானாலும் வாசலில் தண்ணீர் ஊற்றி அனுப்புவது அந்த ஊர் வழக்கம். காரியம் தண்ணீர்போல் ஓடும். சர்வருக்கு வாசல் எது என்று தோச்கா யாரையும் கேட்கவில்லை.

"தண்ணி மாதிரி ஓடு கண்ணு!"

"அக்கா, அங்க ஊத்தாதீங்க, கீழே பிளக்கு..."

படார் என்றது. பச்சைக் கோடு போயிற்று. திரை கறுத்தது. கருகல் நாற்றம் மட்டும் மிச்சம்.

"நல்லதுக்குத்தானே தம்பி ஊத்தினேன்."

சோன்கோவா ஓடி வந்தார். "புது சிஸ்டத்தைக் கெடுத்துட்டீங்களா?"

"பழசு மேடம்!"

"ஆணையைப் படிங்க."

படித்தார். ஒரு நாள்கூட வயதாகாத புத்தம்புதிய இயங்குதளம் தம் பொறுப்பில் இருக்கையில் உயிர்விட்டது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"இப்ப என்ன பண்றது மேடம்?"

"பண்ண என்ன இருக்கு? இன்னொரு ஆணை போடுவோம்."

'மேற்படி சர்வர் இயங்குவதாகக் கருதப்படும்.' அன்றிலிருந்து தோச்கா கறுத்த திரைக்கு எதிரே உட்கார்ந்து, பிறப்பு, திருமணம், இறப்புகளை வழக்கம்போல் பேனாவால் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை தலைநகரிலிருந்து ஆய்வாளர் வந்தார். சர்வர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"சூடே இல்லையே!"

"இல்லைங்க," என்றார் வெலிஸ்லாவ்.

"சத்தமும் இல்லை. பிழை ஏதாவது காட்டுதா?"

"ஒண்ணுகூட இல்லைங்க." பணிக்காலத்திலேயே அவர் சொன்ன மிகச் சுத்தமான உண்மை அது.

"மத்த ஊர்ல எல்லாம் இது படுத்தற பாடு இருக்கே! இங்க மட்டும் எப்படி?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வெலிஸ்லாவ் வாயைத் திறந்தார். தலைநகர் ஆணையின் கடைசி வரி நினைவுக்கு வந்தது. திறந்த வாய் திறந்தபடி இருக்க, பின்னாலிருந்து தோச்கா முந்திக்கொண்டார்.

"தண்ணி மாதிரி ஓடுதுங்க."

வெலிஸ்லாவ் வாயை மூடிக்கொண்டார்.

பதவி பிழைத்தது. அதோடு விடவில்லை: நாட்டிலுள்ள எல்லா நகராட்சிகளுக்கும் போய், சர்வர்களை இதே முறையில் அமைத்துத் தரும்படி அவருக்குப் புதிய ஆணை வந்தது. திங்கட்கிழமை பயணப் பெட்டியோடு அவர் கிளம்பியபோது, அலுவலக வாசலில் தோச்கா குவளையோடு நின்றிருந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லு தம்பி, ஊத்தறேன்."

வெலிஸ்லாவ் குவளையைச் சிந்தாமல் வாங்கிக்கொண்டார்.

"இங்க வேண்டாம் அக்கா. போற இடத்துல தேவைப்படும்."