ஒரு பண்ணையாளின் லீவு விண்ணப்பம்

பள்ளியில் கொடுக்கும் புரொஜெக்டைப் பிள்ளைகளே செய்கிறார்கள் என்று நம்பும் பெற்றோர் உலகத்தில் எங்காவது இருக்கக்கூடும். துபாயில் நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் ஏழாம் வகுப்பை நான் இரண்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். எரிமலை நான் செய்தது. மனித இதயம் நான் செய்தது. (இதயத்துக்கு 'பி' கிரேடுதான் கொடுத்தார்கள். இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.) என் மகள் வெண்பா, செய்து முடித்த சரக்கைச் சேதமில்லாமல் பள்ளிப் பேருந்தில் ஏற்றி இறக்கும் பொறுப்பை மட்டும் வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பருவத்தில் வந்து சேர்ந்தது இடைக்கால ஐரோப்பா. வகுப்பே ஒரு பண்ணைக் கிராமமாக மாறவேண்டும். ஒருவன் பிரபு, ஒருவர் பாதிரியார், ஒருவன் மாவு மில்காரன் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கிறார்கள். வெண்பாவுக்கு விழுந்தது பண்ணையாள். பெற்றோர் முன்னால், பண்ணையாளாக நின்று, 'என் வாழ்க்கை' என்று ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசவேண்டும்.

"ஸ்பீச் நானே எழுதிக்கறேன்மா. ஓன் வேர்ட்ஸ்ல இருக்கணும்னு மிஸ் சொன்னாங்க."

"உன் ஓன் வேர்ட்ஸ் எனக்குத் தெரியாதா? பெத்தது யாரு?"

அத்தோடு அந்த விவாதம் முடிந்தது. முடித்தது நான்.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஜெபல் அலியில் ஒரு கிடங்குக் கம்பெனியில் கப்பல் சரக்குக்கான காகிதங்களைத் தயாரிப்பது என் வேலை. எங்கள் மேனேஜர் குகன் சார் யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டவர் இல்லை. அதுதான் பிரச்சினை. கெட்டவராக இருந்தால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இவர் "பிள்ளை" என்று கூப்பிட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை சரக்கு எண்ண வரச்சொல்வார்.

என் லீவு விண்ணப்பம் அவர் மேசையில் இருந்தது. திருச்சியில் என் தம்பிக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டதும் மற்ற இரண்டையும் அவனுடைய சகோதரிதான் போடவேண்டும். தம்பிக்கு இருக்கும் ஒரே அக்கா நான். நான் போகாவிட்டால் அந்த இடத்தில் நிற்கப்போவது பெரியப்பா மகள் கோமதி. சின்ன வயதிலிருந்து என் பாவாடை, என் பென்சில், என் முதல் ரேங்க் எல்லாவற்றின் மேலும் கண் வைத்தவள். அம்மா தினமும் போன் செய்வாள்.

"லீவு கெடச்சுதாடி? கோமதி இப்பவே பட்டுப்புடவை எடுத்துட்டாளாம். அரக்கு கலரு."

நான் குகன் சார் அறைக்குப் போவேன். என் விண்ணப்பம் கண்ணாடிப் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்.

"பாப்பம் பிள்ளை. இந்தக் கப்பல் வந்து போகட்டும்."

அந்தக் கப்பல் வந்தது, போனது. அடுத்த கப்பல் வந்தது. துறைமுகத்துக்குக் கப்பல் வருவது என்றைக்கு நின்றிருக்கிறது?

இந்த மனநிலையில்தான் நான் இடைக்கால ஐரோப்பாவுக்குள் காலெடுத்து வைத்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில், ஆபீஸ் நேரத்தில். பிரபுவின் அனுமதி இல்லாமல் பண்ணையாள் ஊரை விட்டுப் போகக்கூடாது. வீட்டில் கல்யாணம் என்றாலும் அவரைக் கேட்கவேண்டும். தானியத்தைப் பிரபுவின் மில்லில்தான் அரைக்கவேண்டும். தன் வயல் விளைந்து நின்றாலும் முதலில் பிரபுவின் வயலை அறுத்துக் கொடுக்கவேண்டும். பண்ணையாள் செத்துப்போனால் அவனிடம் இருந்த நல்ல மாட்டைப் பிரபு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

படித்தபோது எனக்கு அதிர்ச்சி எதுவும் ஏற்படவில்லை. எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேருபவர்களுக்குக் கொடுக்கும் விளக்கம் போலத்தான் இருந்தது. பிறகு என் கை ஓடியது பாருங்கள்! ஐரோப்பாவைப் பற்றித் தெரியாத இடங்களிலெல்லாம் ஆபீஸை வைத்து இட்டு நிரப்பினேன். மில் என்ற இடத்தில் குகன் சாரின் மனைவி நடத்தும் சாப்பாட்டு டப்பா வியாபாரம். (நாங்கள் எல்லோரும் அதில்தான் சேரவேண்டும். தினமும் கத்தரிக்காய்.) அறுவடை என்ற இடத்தில் ஞாயிற்றுக்கிழமை சரக்கு எண்ணிக்கை. நல்ல மாடு என்ற இடத்தில் ஒரு நாற்காலி. கணக்குப் பிரிவில் ஒருவர் வேலையை விட்டுப் போனபோது, முதுகுக்கு இதமான அவருடைய சுழல் நாற்காலி அன்று சாயங்காலமே குகன் சார் அறைக்குப் போய்விட்டது.

கத்தரிக்காயை மட்டும் முட்டைக்கோஸ் என்று மாற்றினேன். ஐரோப்பா அல்லவா? வரலாற்றுக்கு உண்மையாக இருக்கவேண்டாமா?

நிகழ்ச்சியன்று காலை குகன் சாரிடம் பல் வலி என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன். என் கணவர் சேகர் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார். மேடையில் சணல் சாக்கை உடுத்திக்கொண்டு வெண்பா. (சாக்கு எங்கள் கிடங்கிலிருந்து வந்தது.) நடுவில், சிவப்பு வெல்வெட் திரைச்சீலையைப் போர்த்திக்கொண்டு பிரபுவாக ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். எங்கேயோ பார்த்த மூக்காக இருக்கிறதே என்று யோசிக்கும்போதே என் பக்கத்து நாற்காலியில் அதே மூக்கு, பெரிய அளவில், வந்து உட்கார்ந்தது.

"அட, நீரும் இஞ்சயோ?" என்றார் குகன் சார். "ஆதவனை இந்த டேர்ம்தான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாத்தினனாங்கள். உங்கட பிள்ளையும் இந்த வகுப்போ?"

"ஆமா சார்."

"பல்லு எப்பிடி?"

"பரவாயில்ல சார். நீங்க போர்ட்ல மீட்டிங்னு..."

அவர் இருமினார். நானும் இருமினேன். அந்த விஷயத்தை அங்கேயே இரண்டு பேரும் அடக்கம் செய்தோம்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது.

"ஏங்க, அவளை நிறுத்துங்க" என்று கணவரின் தொடையைக் கிள்ளினேன்.

"எப்படிடி?"

"ஃபயர் அலாரத்தை அடிங்க."

"லூசா நீ? ஃபைன் போட்டுருவாங்க. நல்லாத்தான் எழுதியிருக்க, கேளு."

வெண்பா ஆரம்பித்துவிட்டாள். என்ன உச்சரிப்பு! மற்ற நாட்களில் வாய்க்குள் முனகும் பெண், அன்றைக்குப் பார்த்து மணி அடித்தது போல் பேசினாள்.

"எங்கள் பிரபு தினமும் காலையில் காப்பிக் கோப்பையோடு வருவார். என் மேசையை இரண்டு தட்டுத் தட்டி, 'எதுவரைக்கும் வந்திருக்கிறது?' என்று கேட்பார்."

குகன் சாரின் விரல் முட்டி தானாக நாற்காலிக் கையில் இரண்டு தட்டுத் தட்டியதை நான் பார்த்தேன்.

"பிரபுவின் மனைவி ஆக்கும் முட்டைக்கோஸைத்தான் நாங்கள் எல்லோரும் வாங்கித் தின்னவேண்டும். வேறு எங்கும் வாங்க முடியாது. அதில் உப்பு இருக்காது."

நான் பல்வலிக்காரியாக முனகிப் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலைக் கீழே தள்ளிப் பார்த்தேன். அது உருண்டு மேடை வரை போனது. வகுப்பு ஆசிரியை மிஸ் ஹெலன் உதட்டில் விரலை வைத்து என்னை முறைத்தார். நாற்பத்தைந்து வயதில் வகுப்பில் சத்தம் போட்டதற்காக மாட்டிக்கொண்டேன்.

நாற்காலி வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடைசியாக என் வெண்பா, சாக்கின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு (இந்த நடிப்பையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்) சொன்னாள்:

"என் தம்பிக்குக் கல்யாணம். நான் அங்கே இருந்தாகவேண்டும். பிரபுவிடம் விண்ணப்பம் கொடுத்தேன். அது அவருடைய கண்ணாடிப் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் கிடக்கிறது. கேட்டால், 'பார்ப்போம், இந்தக் கப்பல் வந்து போகட்டும்' என்கிறார்."

கைதட்டல் எழுந்தது. பிறகு மிஸ் ஹெலன் மிக அன்பாக ஒரு கேள்வி கேட்டார். உங்கள் கிராமத்துக்கு அருகில் கடலே கிடையாதே, எந்தக் கப்பல்?

வெண்பா கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, நேராக விரலை நீட்டினாள்.

"மம்மிதான் எழுதினாங்க மிஸ். ஐ ஆஸ்க்ட் ஹெர் த சேம் திங்."

எல்லாத் தலைகளும் திரும்பின. குகன் சார் திரும்பவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"பிள்ளை, ஒருக்கா வெளியால வாரும்."

அரங்கத்துக்கு வெளியே குழந்தைகளின் செருப்புகள் வரிசையாகக் கிடந்த தாழ்வாரம். அந்தப் பத்தடி நடப்பதற்குள் என் வேலை போனது, விசா போனது, வீட்டுச் சாமான்கள் விற்பனைக்கு வந்தன, அரக்குப் பட்டு உடுத்திய கோமதி மணமேடையில் ஏறி என் தம்பி மனைவியின் பின்னால் குனிந்து, மெதுவாக, மிக மெதுவாக, இரண்டு முடிச்சையும் போட்டாள். போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"உமக்கு ஆர் சொன்னது?" என்றார் குகன் சார்.

"சார், அது சும்மா... கற்பனைதான்..."

"கற்பனையோ? என்ர கதையை அப்பிடியே எழுதி வச்சிருக்கிறீர்!" குரல் உடைந்தது. "மூண்டு வருசமா லண்டனில இருக்கிற அக்காவைப் பாக்க லீவு கேக்கிறன். ஜி.எம். பாப்பம் பாப்பம் எண்டே காலத்தைக் கடத்துறார். அவரின்ர மகள் ஆடுற டான்ஸ் புரோகிராமுக்கெல்லாம் நான்தான் டிக்கெட் வாங்கிப் போய்க் குந்தோணும். எனக்கு டான்ஸ் விளங்குமோ, சொல்லும்?"

அவர் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அந்தக் கதிரை! அதையும் எழுதிப்போட்டீர்! நான் ஒரு கிழமைதான் பிள்ளை அதில இருந்தனான். ஜி.எம். ஒருநாள் வந்தவர், 'நைஸ் செயர்' எண்டவர். அடுத்த நாள் ஆள் அனுப்பித் தூக்கிக்கொண்டு போட்டார். இப்ப நான் பிளாஸ்டிக் கதிரையில இருக்கிறன். ஒருத்தரும் கவனிக்கேல்லை எண்டு நினைச்சன். நீர் கவனிச்சிருக்கிறீர்."

"ஆமா சார்" என்றேன். "உங்களை மனசுல வச்சுத்தான் எழுதினேன்."

அன்று முழுவதும் நான் பேசியதில் கலப்படமில்லாத ஒரே உண்மை அதுதான். பாவம், அவர் என் தலையைத் தொட்டு ஆசீர்வாதமே செய்துவிட்டார். பிரபுக்களுக்கு மேலும் பிரபுக்கள் உண்டு என்று நான் படித்த பக்கத்தில் இருந்ததுதான். அவசரத்தில் அந்தப் பத்தியைத் தாண்டிப் போயிருந்தேன்.

மறுநாள் லீவு கையெழுத்தாகி வந்தது. கூடவே ஒரு வேண்டுகோளும் வந்தது. "அடுத்த புரொஜெக்ட் ஆதவனுக்குக் கொள்ளைநோய். அவனுக்கு எழுத்து வராது. நீர்தான் எழுதித் தரோணும் பிள்ளை." அதாவது என் வயலை விட்டுவிட்டு அவருடைய வயலை அறுக்கவேண்டும். அறுத்தேன். வெண்பாவின் பேச்சுக்கு, 'அருமை. அடுத்த முறை மாணவியே எழுதலாம்' என்று குறிப்பு வந்திருந்தது. அவள் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தாள், என் கண் மட்டத்தில்.

திருச்சிக்குப் போனேன். அரக்கே கட்டிக்கொண்டேன், வேண்டுமென்றே. முகூர்த்த நேரம். மணமேடை. கெட்டிமேளம் முழங்கத் தம்பி முதல் முடிச்சைப் போட்டான். நான் குனிந்து இரண்டாவதைப் பிடித்தேன். காதில் மாட்டியிருந்த இயர்போனில் அழைப்பு வந்தது. ஆபீஸ் நம்பர். (ஏன் எடுத்தேன் என்று கேட்காதீர்கள். வளைகுடாவில் பல வருஷம் வேலை பார்த்த கை அது. என்னைக் கேட்காமலே எடுத்துவிடும்.)

"பிள்ளை, ஆதவன் இன்னும் பத்து நிமிசத்தில மேடையில ஏறுறான். நீர் எழுதினதைப் பெடியன் வீட்டில விட்டிட்டு வந்திட்டான். கெதியாச் சொல்லும், நோய் எப்பிடிப் பரவினது?"

"எலி சார்!"

"ஆ? ஒண்டும் கேக்கேல்லை!"

மேளச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். "எலி! எலிமேல இருக்கற தெள்ளுப்பூச்சி!"

"சரி, சரி. எத்தினை சனம் செத்தது?"

நான் மூன்றாவது முடிச்சை இறுக்கினேன். ஐயர் கையை உயர்த்தினார். மங்கல நேரத்தில் அபசகுனமான பேச்சு எதுவும் காதில் விழுந்துவிடக்கூடாது என்பதற்காகவே நம் முன்னோர் ஏற்படுத்திய கெட்டிமேளம், சட்டென்று நின்றது. ஐயரின் மைக் என் வாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

"பாதி ஊரு செத்துப்போச்சு சார்!"

மண்டபத்தில் அட்சதை தூவ உயர்ந்த கைகள் உயர்ந்தபடியே நின்றன. பெண்ணின் அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கோமதி மட்டும் சிரித்தாள். மனநிறைவோடு, நிதானமாக, வீடியோக்காரர் படம் பிடிக்கும் அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

கல்யாண வீடியோவில் அந்த இடம் அப்படியே இருக்கிறது. வெட்டச் சொல்லி நான் எவ்வளவோ கெஞ்சினேன். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. தம்பியும் அவன் மனைவியும் இப்போது சவூதியில், அல் கோபாரில் இருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காப்பிக்கு முன்னால் அதைத்தான் போட்டுக் காட்டுகிறார்களாம்.

போன மாதம் தம்பி மனைவிக்குத் திருச்சியில் வளைகாப்பு. மண்டப வாசலிலேயே அம்மா என் செல்போனைப் பிடுங்கிக் கோமதியிடம் கொடுத்துவிட்டாள். வெறும் கையோடு போய்த் தம்பி மனைவிக்குச் சந்தனம் பூசி முதல் வளையலைப் போட்டேன். அவள் தலையைக் குனிந்து, அடக்க ஒடுக்கமாக, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்:

"அண்ணி, இன்னிக்கு எத்தன பேரு?"