ஒரு ஆக்ஸிஜனை இறக்கிவிட்ட கதை

நான் தேடி ஓடிய வேலைகள் ஏராளம். ஒரே ஒரு வேலைதான் என்னைப் பார்த்து ஓடியது.

பத்தாவதில் தவறியபின் பதினோரு வருடம் போர்வெல் வண்டியில் ஊர் ஊராகச் சுற்றினேன். மனைவி கோமதி ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது ஒன்றுதான் கேட்டாள்: "கொழந்தை பொறக்கறப்பவாச்சும் ஊட்ல இருங்க." சங்ககிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் லேபுக்கு அட்டெண்டர் வேண்டுமென்றார்கள். பத்தாவது தவறியவர்களும் வரலாம். (எனக்காகவே போட்ட விளம்பரம்!)

நேர்காணலில் வேதியியல் வாத்தியார் கரும்பலகையில் H₂ + O₂ → H₂O என்று எழுதினார். "ரெண்டு பக்கமும் சமமாக்குங்க பாக்கலாம். பத்தாவது பாடந்தானுங்க."

எண்ணினேன். இடப்பக்கம் ஆக்ஸிஜன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. வண்டியில் திரிந்தவனுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா? எடை மேடையில் பாரம் கூடினால் இறக்கிவிட வேண்டியதுதான். O-வின் காலடியில் இருந்த சின்ன 2-ஐக் கட்டைவிரலால் அழித்தேன். சமம்! விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு (கோமதி தேய்த்துக் கொடுத்த சட்டை) நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"ஏனுங்க, அந்த ரெண்டு எங்கீங்க?"

"ஓவர்லோடுங்க சார். எறக்கி உட்டுட்டனுங்க."

அறையே குலுங்கியது. டீ கொண்டுவந்தவர்கூட டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆக்ஸிஜன் சோடியாத்தான் இருக்குமுங்க. அதைப் பிரிக்கக் கூடாது. பத்தலைன்னா முன்னால எண்ணைப் போட்டு முழுசாத்தான் சேக்கோணும்." 2H₂ + O₂ → 2H₂O என்று எழுதிக் காட்டினார்.

அப்போதுதான் புரிந்தது. லாரியின் உடம்பில் கை வைக்கக் கூடாது. இன்னொரு லாரியைத்தான் கூப்பிட வேண்டும். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டில் சொன்னேன். கோமதி முதலில் சிரித்தாள். பிறகு, "சோடியப் பிரிக்கக் கூடாதுன்னு அந்த வாத்தியாருக்குத் தெரியுது" என்றாள். மறுவாரம் போர்வெல் முதலாளி கூப்பிட்டபோது என் துணிகளை அவள்தான் மடித்துப் பையில் வைத்தாள்.

மகள் பிறந்தபோது நான் சத்தீஸ்கரில், குழிக்குள் சிக்கிய பைப்பை இழுத்துக்கொண்டிருந்தேன். கைக்குழந்தையாக ஒருமுறை பார்த்தேன். அடுத்துப் போனபோது அவளுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, ஆரோ மாமா வந்துருக்காங்க" என்றாள்.

இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். அந்தச் சமன்பாடுகளைச் சோறு தின்றுகொண்டே போடுகிறாள். லீவில் வந்து நான் வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், "அம்மா, மாமா வந்தாச்சு!" என்று கத்துவாள். வீடே சிரிக்கும். நானும் விழுந்து விழுந்து சிரிப்பேன். ஆனால் அவள் அப்பா என்று ஒருமுறை சொல்லும்வரை பையைக் கீழே வைக்க மாட்டேன்.